ரசிகன் இல்லையா, திரையரங்கம் இல்லையா?

"நல்ல படத்துக்கு இங்கே ரசிகன் இல்லை" என்பது தமிழ்த் திரை வணிகத்தின் மூலமந்திரம். தயாரிப்பாளர் சொல்கிறார், விநியோகஸ்தர் வழிமொழிகிறார், திரையரங்க உரிமையாளர் தலையசைக்கிறார். கடை திறக்காதவர் வாடிக்கையாளர் வரவில்லை என்று புகார் சொல்வதைப் போன்றதே இது. இதை ஒரு வாதமாகக்கூட நாம் ஏற்பதற்கில்லை.

கொங்கு மண்ணிலிருந்தே சான்று தருகிறோம். பெருமாள்முருகனின் 'வறுகறி' சிறுகதையைத் தழுவித் தமிழ் இயக்கிய படம் 'சேத்துமான்'. பா.ரஞ்சித்தின் நீலம் புரொடக்‌ஷன்ஸ் தயாரித்தது. ஒரு தாத்தா, பள்ளி செல்லும் பேரன், பன்றிக்கறி, அதைச் சுற்றி இயங்கும் சாதி. பேச்செல்லாம் அசல் கொங்குத் தமிழ். பட விழாக்களில் பாராட்டுப் பெற்ற அப்படம் 2022 மே மாதம் நேராக சோனிலிவ் இணையத்தளத்துக்குப் போயிற்று. ஈரோட்டிலோ திருப்பூரிலோ டிக்கெட் விற்றுப் பார்த்தபின் 'ரசிகன் இல்லை' என்றிருந்தால் அது தீர்ப்பு. விற்றுப் பார்க்காமலே சொல்வதற்குப் பெயர் முன்முடிவு.

இதே அச்சம் இங்கிலாந்திலும் இருந்தது. சுரங்க ஊர்ச் சிறுவன் ஒருவனைப் பற்றி கென் லோச் எடுத்த 'கெஸ்' படத்தின் யார்க்‌ஷயர் வட்டார வழக்கு யாருக்கும் புரியாது என்று வணிகர்கள் தயங்கினார்கள். 1970இல் படத்தை முதலில் வட இங்கிலாந்துத் திரையரங்குகளில் வெளியிட்டார்கள். தன் பேச்சைத் திரையில் கேட்ட மக்கள் வந்தார்கள். லண்டன் பிறகுதான் கதவைத் திறந்தது. 2016இல் வந்த அவருடைய 'நான், டேனியல் பிளேக்' படத்தைத் தொழிற்சங்கங்களும் சமூக அமைப்புகளும் ஊர் மன்றங்களில் திரையிட்டன. எளிய படத்துக்கு விளம்பரம் என்பது சுவரொட்டி அல்ல. யாருடைய வாழ்க்கையோ அவர்களிடமே படத்தைக் கொண்டு செல்வதுதான்.

இனிப் பணம். பிரிட்டனில் 1950 முதல் 1985 வரை 'ஈடி லெவி' என்ற ஏற்பாடு இருந்தது. டிக்கெட் விலையில் ஒரு சிறு பங்கு உள்நாட்டுப் படத் தயாரிப்புக்குத் திரும்பும். பெரும்பகுதி வசூல் படங்களுக்கே போயிற்று என்ற குறை உண்டு. ஆயினும் ஒரு துளி பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் சோதனைப் படங்களுக்கும் சென்றது. கேரளத்தில் மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கும் பட்டியலின, பழங்குடி இயக்குநர்களுக்கும் ஒரு படத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை கொடுத்துத் தானே தயாரிக்கிறது. திரையிடக் கழகத்துக்குச் சொந்தத் திரையரங்குகளும் உண்டு.

நம் அரசு என்ன செய்கிறது? குறைந்த செலவில் எடுக்கப்பட்ட தரமான படங்களுக்கு 7 லட்சம் ரூபாய் மானியம் என்கிறது. அது முடிந்த படத்துக்கு. கடன் வாங்கி முடித்தவனுக்கு. 2009 முதல் 2014 வரையிலான படங்களுக்குரிய மாநில விருதுகள் 2017இல் அறிவிக்கப்பட்டு 2022இல்தான் வழங்கப்பட்டன. பசித்தவனுக்குப் பத்து வருடம் கழித்துப் பந்தி.

பணமில்லாத பூமியா இது? சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 முதல் ஊர் ஊராகப் படங்காட்டி, 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். 1930களில் பஞ்சாலைப் பணம் சென்ட்ரல் ஸ்டுடியோவாயிற்று. இன்றோ பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் கோபி வயல்களும் கதாநாயகர் ஆடும் பின்னணித் திரைச்சீலை மட்டுமே. பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்ப்பவரின் வாழ்வுக்கு முதல்போட ஒருவரும் இல்லை.

நாம் கேட்பது பிச்சை அல்ல. கேளிக்கை வரியில் ஒரு சிறு பங்கை, படப்பிடிப்புக்கு முன்பே, திரைக்கதையைப் பார்த்துக் கொடுங்கள். கோவை ஏரியாவின் ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் ஒரே ஒரு அரங்கில், காலைக் காட்சியாக அல்ல, வேலை முடிந்து மக்கள் வரக்கூடிய மாலைக் காட்சியாக, இரண்டு வாரம் ஓடவிடுங்கள். நியாயமான டிக்கெட் விலை வையுங்கள். அதன் பிறகும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தால், ரசிகன் இல்லை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

அதுவரை அந்த மந்திரத்தைச் சற்று நிறுத்தி வையுங்கள்.