இறந்தோரைப் பற்றிப் பேசுங்கால்

கொடிய செய்தியொன்று காதில் விழுந்தவுடன் நாம் முதலிற் கேட்பது, “எத்தனை பேர்?” என்பதே. அடுத்து, “செய்தவன் எவன்?” என்கின்றோம். இறந்தவர் யாவர் என்னும் வினா, கேட்கப்படுமாயின், மூன்றாவதாகவே கேட்கப்படுகின்றது.

2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடையிலும் நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிற் குண்டுகள் வெடித்தன. கொழும்பு ஹோட்டல்களிலும் வெடித்தன. இறந்தோர் தொகை 359 வரை ஏறிற்று. 25 ஆந் திகதி சுகாதார அமைச்சு அதனை ஏறத்தாழ 253 எனத் திருத்தியது. உடல்கள் சிதைந்திருந்தமையால் சிலர் இருமுறை எண்ணப்பட்டனர் என்பது சொல்லப்பட்ட காரணம். தூரத்திலிருந்து வாசித்தோர்க்கு அஃது ஒரு கணக்குத் திருத்தம். பிரேத அறையின் வாயிலில், தம் பிள்ளையின் உடல் எதுவென்று அறியாது நின்றோர்க்கு அது கணக்கன்று. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் மாண்டோருள், அன்று காலை ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சிறுவர் பலர்.

இத்தகையோரைக் குறிக்க எமது செய்தித்தாள்கள் வழக்கமாக எடுத்தாளும் சொல் ‘பலி’. மொழி கற்பிப்போர் என்ற முறையில் அச்சொல்லோடு எமக்கொரு வழக்குண்டு. பலி என்பது படைக்கப்படுவது. படைப்போனும் பெறுவோனும் அதற்கு வேண்டும். கொன்றவன் தன் செயலை வேள்வியென்றே எண்ணியிருக்கலாம். அவ்வெண்ணத்துக்கு நாமும் ஏன் சொல்லுதவி செய்தல் வேண்டும்? ஈரெழுத்துச் சொல் தலைப்புக்குள் இலகுவில் அடங்கும் என்பது அச்சுக்கூடத்தாரின் வசதி. அவ்வசதி எமக்கு விளங்காமலில்லை. ஆயினும் ‘கொல்லப்பட்டனர்’ என்றே எழுதுக. கொன்றவன் ஒருவன் உளன் என்பதை அச்சொல்லே உணர்த்திவிடும்.

எமது ஊர்களில் அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டை எடுத்துப் பாருங்கள். பிறந்த ஊர், பெற்றோர், கற்ற கல்வி, பார்த்த உத்தியோகம், கோயிற்றொண்டு எனப் பக்கங்கள் விரியும். இறந்த விதம் ஓரடியில் முடிந்துவிடும். (செய்யுள் சில வேளை தளை தட்டும், அது வேறு கதை.) இவ்வளவு அறிந்த குடும்பங்களிலேதான், இன்று கைத்தொலைபேசியிற் சிதைந்த உடலின் படம் வந்தவுடன், “ஐயோ” என்றொரு சொல்லைச் சேர்த்துப் பத்துப் பேருக்கு அனுப்புகின்றனர். வைத்தியசாலையிலிருந்து செய்தி எட்டுமுன்னரே அப்படம் இறந்தவரின் தம்பியின் கைக்குப் போய்விடவுங் கூடும். மாணாக்கர்காள், கிடப்பவர் உங்கள் தமையனாராயின் அப்படத்தை அனுப்புவீர்களா?

நியூசிலாந்தின் கிறைஸ்ற்சேர்ச் நகரில் 2019 மார்ச் 15 ஆந் திகதி இரு பள்ளிவாசல்களிற் சுடப்பட்டோருள் 51 பேர் உயிரிழந்தனர். அப்போது பிரதமராயிருந்த ஜசிந்தா ஆடேர்ன் அம்மையார், கொலைஞனின் பெயரைத் தாம் உச்சரிக்கப் போவதில்லையெனவும், இழந்தோரின் பெயர்களையே சொல்லுமாறும் பாராளுமன்றத்திற் கேட்டுக்கொண்டார். அதனாற் குற்றம் மறைந்துவிடவில்லை. நீதிமன்றம் 2020 இல் அவனுக்கு, விடுதலைக்கு வழியற்ற ஆயுட்சிறை விதித்தது.

இங்கோ, 2019 மே மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஒருவர் கொல்லவும் பட்டார். கட்டுவாப்பிட்டியில் இறந்தவர்களுள் எவர் அதனைக் கேட்டார்?

மரியாதையென்பது வாய்மூடியிருத்தல் என்று கருதுவோரும் உளர். அதனை நாம் ஏற்கவில்லை. முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் ஜனாதிபதி ஒருவரும் உயரதிகாரிகள் சிலரும் நட்டஈடு செலுத்த வேண்டுமென உயர்நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தோருள், அன்று தம்மவரைப் பறிகொடுத்தோரும் இருந்தனர்.