முழக்கமும் மூச்சடக்கமும்

கொற்கை என்றதும் முத்து நினைவுக்கு வரும். பாண்டியன் புகழ் நினைவுக்கு வரும். மார்தட்டிக்கொள்ள மனம் துடிக்கும். தட்டிக்கொள்வோம், தவறில்லை! ஆனால் அந்தப் பழந்துறைமுகம் இன்று கடலைக் காணாத சிற்றூர். பொருநையாறு கொணர்ந்த வண்டல் படிந்து படிந்து, கடல் விலகிப் போயிற்று. ஊர் நகரவில்லை, அலைதான் அகன்றது. இயக்கங்களுக்கும் இக்கதி நேர்வதுண்டு. பழம்பெருமை எனும் வண்டலைப் படியவிட்டால், மக்களின் கண்ணீர் நம் கால் நனைக்காத் தொலைவுக்குப் போய்விடும். அந்த அச்சத்தோடுதான் இன்று எழுதுகிறேன்.

2018, செப்டம்பர் 3, திங்கட்கிழமை. தூத்துக்குடிக்கு வந்த விமானத்திலே, கனடாவில் ஆய்வுப் படிப்பு மேற்கொண்டிருந்த ஒரு மாணவி, மத்திய ஆட்சிக்கு எதிராக ஒரு முழக்கம் எழுப்பினார். கையிலே கல் இல்லை, கத்தி இல்லை. ஒரே ஒரு வாக்கியம்! உடன் பயணம் செய்த அன்றைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் தமிழிசை சௌந்தரராசன் புகார் தந்தார்; மாணவி கைதானார்; மறுநாள் பிணையில் வெளிவந்தார். 2023 ஆகஸ்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த வழக்கையே ரத்து செய்தது. ஒரு வாக்கியத்துக்கு ஐந்தாண்டு வழக்கு!

அன்று நாம் கொதித்தோம். கொதிக்காமல் இருப்போமா? வ.உ.சி. பிள்ளை கப்பலோட்டிய கரையன்றோ இது! 1908-ஆம் ஆண்டு, பேசிய பேச்சுக்காக அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தான் வெள்ளைக்கார நீதிபதி. அந்த வரலாற்றின் வாரிசுகள் நாம். 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர் வீதிக்கு வந்தபோது, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாணவன் இராசேந்திரன் குண்டடிபட்டு மாண்டபோது, “மாணவனுக்கு ஏன் இந்த வேலை?” என்று கேட்டவர்களை எதிர்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆகவே, கொதித்தோம்.

அதே வாரம், மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 6, வியாழக்கிழமை. டில்லியில் உச்சநீதிமன்றம் மற்றொரு தீர்ப்பு வழங்கியது. மனமொத்த இருவர் ஒரே பாலினத்தவராயினும், அவர்தம் அன்பு குற்றமாகாது என்று கூறி, 377-ஆம் பிரிவின் அந்தக் கூரிய பல்லைப் பிடுங்கியது. அன்று நம் கொட்டகைகளிலே கூட்டம் உண்டா? சுவரொட்டி உண்டா? இல்லை, தோழரே! திங்களன்று கொதித்த நாம், வியாழனன்று குளிர்ந்துவிட்டோம்.

ஏன்? “இது மேல்நாட்டுச் சரக்கு” என்கிறார்கள் சிலர். நல்ல கேள்வி, கணக்குப் பார்ப்போம். தண்டித்த அந்த 377-ஆம் பிரிவு எங்கே விளைந்தது? தாமிரபரணிக் கரையிலா? 1860-ஆம் ஆண்டு வெள்ளையன் வகுத்த தண்டனைச் சட்டத்தில் வந்தது அது! கப்பலேறி வந்தது அன்பன்று, தோழரே. அன்புக்கு மாட்டிய விலங்கு.

“அதெல்லாம் பெரியவர்கள் விவகாரம், பள்ளிக்கூடத்தில் அந்தப் பேச்சு எதற்கு?” என்று வினவுவோரும் உளர். பள்ளிக்கூடத்தில் அந்தப் பேச்சு நாள்தோறும் நடக்கிறது! ஏச்சாக நடக்கிறது, பட்டப்பெயராக நடக்கிறது. விளக்கமாக நடக்கத்தான் தடை. 2021-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு, பாலின மாறுபாடு கொண்ட பிள்ளைகளைப் பள்ளியில் அரவணைப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. சில நாள்களிலேயே, குழந்தைகள் உரிமை ஆணையம் எதிர்ப்புக் காட்ட, கையேடு இணையதளத்திலிருந்து மறைந்தது. ஏசுகிறவனுக்குப் பேச்சுரிமை, ஏச்சு வாங்குகிறவனுக்கு வாய்ப்பூட்டு!

பள்ளி வாயிலில் உரிமையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மாணவன் உள்ளே வரவேண்டுமா? இந்தக் கேள்வி உலகெங்கும் எழுந்த கேள்வி. 1965 டிசம்பரில், அமெரிக்காவில், வியட்நாம் போரை எதிர்த்து 13 வயதுச் சிறுமி மேரி பெத் டிங்கர் கையில் கறுப்புத் துணி கட்டிப் பள்ளிக்குச் சென்றாள். கறுப்பு, தோழரே, நமக்குத் தெரிந்த நிறம்! வெளியே அனுப்பினார்கள். 1969-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும், 1985-இல் கேரளத்துப் பள்ளியொன்று, நாட்டுப்பண் ஒலிக்கையில் மரியாதையுடன் நின்றும் பாடாதிருந்த மூன்று பிள்ளைகளை நீக்கியது. மறு ஆண்டே உச்சநீதிமன்றம், மௌனத்துக்கும் உரிமையுண்டு என்று அவர்களைக் காத்தது. 2022-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், தொடக்க வகுப்புகளில் இத்தகைய பேச்சுக்குத் தடை விதிக்கும் சட்டம் கொணர்ந்தபோது, பள்ளி மாணவர்களே வகுப்பைவிட்டு வெளியேறி வீதியில் நின்றார்கள்.

சாதி மறுத்துக் காதலித்தவளைக் காக்கும் நாம், பால் வேறுபாடு பாராது நேசித்தவளை மட்டும் கைவிடுவதா? புரோகிதரின்றி நடந்த திருமணத்தைச் செல்லாது என்றார்கள். 1967-இல் சட்டம் திருத்திச் செல்லும் என்றோம். “மரபுக்கு ஆகாது” என்ற சொல் அன்று நம்மை நோக்கி வீசப்பட்ட கல். அதே கல்லை இன்று நாம் பொறுக்கலாமா?

பிறரைக் கேட்கிறேன், என்னையும் கேட்டுக்கொள்கிறேன். கல்லூரியைப் பாதியில் விட்டு மேடையேறியவன் நான். என் நாடகமொன்றிலே நளினமாக நடக்கும் பையன் ஒருவன் வருவான். வந்தாலே சிரிப்பு, கைதட்டல். கடற்கரை ஊரொன்றில் அந்தக் காட்சி நடக்கையில், முன்வரிசையில் பள்ளிச் சீருடையோடு இருந்த ஒரு சிறுவன் சிரிக்கவில்லை. அழவுமில்லை. தலைகுனிந்து எழுந்து, இருட்டுக்குள் போய்விட்டான். அன்றிரவு கிடைத்த கைதட்டல் இன்னும் என் செவியில் அறைகிறது. மறுநாள் அந்தப் பாத்திரத்தை வெட்டினேன். ஆனால் இருட்டில் போனவனிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை.

அறியாமை குற்றமன்று, அறிய மறுப்பதே குற்றம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதில் தெளிவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் வல்லுநரிடம் சென்று கற்றார். கற்றபின், 2021 சூன் 7-இல், இத்தகையோரை ‘மாற்றுகிறோம்’ என்று செய்யப்படும் மருத்துவத்துக்குத் தடை சொன்னார். உயர்நீதிமன்ற நீதிபதி மாணவராகலாம் என்றால், கிளைச் செயலாளர் ஆகக்கூடாதா?

ஆகவே, தோழரே, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு பிள்ளை ஏசப்பட்டால், ஏசியவனைத் தடுங்கள். அதைப் பேசத் துணிந்த மாணவர் தண்டிக்கப்பட்டால், விமான முழக்கத்துக்கு எழுந்ததுபோல் எழுங்கள். நம் மேடையிலும் அந்தக் கேலி வேண்டாம்.

முத்துக் குளிப்பவன் மூச்சடக்கிக் கடலடியில் இருப்பான். இடுப்புக் கயிறு மேலே தோணியில் நிற்பவன் கையில். கீழிருந்து கயிறு அசைந்ததும் இழுக்கவேண்டும்; மறந்தால், முத்துமில்லை, மூச்சுமில்லை. வகுப்பறைகளில் மூச்சடக்கி அமர்ந்திருக்கும் பிள்ளைகள் கயிற்றை அசைக்கிறார்கள். கயிறு நம் கையில் இருக்கிறது, தோழரே. இழுப்போம்!