கட்டுக்கு ஒரு சேலை

நூல் கட்டு ஒன்றின் எடை 4.54 கிலோ. ஐந்து என்று முழுசாகவும் இல்லாமல், நாலரையில் அடங்கவும் செய்யாமல் இது என்ன எண்? பவுண்டில் சொன்னால் புரிந்துவிடும்: பத்து பவுண்டு. 1956இல் நாடாளுமன்றம் மெட்ரிக் அளவைகளுக்குச் சட்டம் இயற்றியது. 1958 அக்டோபரில் கிலோ நடைமுறைக்கு வரத் தொடங்கியது. சேரும் வீசையும் கெஜமும் ஒவ்வொன்றாகக் கடையை விட்டு நடந்தன. நூல் கட்டிலிருந்த பவுண்டு மட்டும் நகரவில்லை. கிலோ வேஷம் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

அந்த வேஷத்தைக் கலைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் பாலராமபுரம் போன்ற ஊருக்கு அதிகம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில், நெய்யாற்றின்கரைக்கு முன்னால் வரும் ஊர் இது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் பெயரைத் தாங்கியது. அவர் காலத்தில்தான் திவான் உம்மிணித் தம்பியின் ஏற்பாட்டில், அரண்மனைக்குத் துணி நெய்ய நாகர்கோவில் பக்கத்துச் சாலியர் குடும்பங்கள் இங்கே குடியேறின. குழித்தறியில் எறிநாடா கொண்டு நெய்யும் இவ்வூர் சேலைக்கும் மெல்லிய பருத்தித் துணிக்கும் புவிசார் குறியீடு உண்டு. மெல்லிய துணி என்றால் மெல்லிய நூல். 100ஆம் நம்பர், 120ஆம் நம்பர் என்று கேட்டு வாங்குவார்கள்.

அந்த நம்பர் எதைச் சொல்கிறது? நூலின் கனத்தைச் சொல்கிறது என்று பொதுவாக நினைப்பார்கள். அது நீளத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம். 54 அங்குலச் சுற்றளவுள்ள ராட்டில் 80 சுற்று சுற்றினால் 120 கெஜம். அப்படி ஏழு சேர்ந்தால் 840 கெஜம். அதுதான் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுவே நூலின் நம்பர். லங்காஷயர் மில்களுக்குப் பழக்கமான கணக்கு. அந்த மில்கள் பெரும்பாலும் மூடியாயிற்று, கணக்கு மூடவில்லை.

வேதியியல் பாடப் புத்தகத்தின் தொடக்கத்தில் பொருளின் பண்புகளை இரண்டாகப் பிரித்துச் சொல்லியிருக்கும். பொருள் கூடினால் கூடுகிறவை ஒரு வகை: எடை, நீளம், கன அளவு. எவ்வளவு எடுத்தாலும் மாறாதவை இன்னொரு வகை: அடர்த்தி, கொதிநிலை. ஒரு சொட்டுத் தண்ணீரின் அடர்த்தியும் ஒரு குடம் தண்ணீரின் அடர்த்தியும் ஒன்றுதான். நூலின் நம்பர் இந்த இரண்டாம் வகை. ஒரு சாண் நூலும் 100ஆம் நம்பர்தான், ஒரு வண்டி நூலும் 100ஆம் நம்பர்தான். ஆனால் நெசவாளி பணம் கொடுப்பது முதல் வகையில் ஒன்றான எடைக்கு. அவருக்குத் தேவைப்படுவதோ இன்னொன்று, நீளம். இரண்டையும் கட்டிவைக்கும் ஒரே கயிறு அந்த நம்பர். அது பிசகினால் தராசு சரியாகக் காட்டியும் பயனில்லை.

ஒரு கெஜம் 0.9144 மீட்டர். ஆகவே சிட்டம் 768 மீட்டர். 100ஆம் நம்பர் நூலில் பவுண்டுக்கு நூறு சிட்டம், பத்து பவுண்டுக் கட்டில் ஆயிரம் சிட்டம். அதாவது ஒரு கட்டுக்குள் 768 கிலோமீட்டர் நூல். சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை நீட்டினாலும் மீதம் இருக்கும்.

இனி சேலைக்கு வரலாம். ஐம்பது அங்குல அகலம், ஐந்தரை மீட்டர் நீளம், அங்குலத்துக்குப் பாவில் 80 இழை, ஊடையில் 80 இழை என்று வைத்துக்கொண்டால் பாவுக்கு 22 கிலோமீட்டர், ஊடைக்கும் ஏறக்குறைய அதே அளவு. கசவையும் கழிவையும் விட்டுவிட்டால் மொத்தம் 44 கிலோமீட்டர், எடை 260 கிராம். கட்டுக்குப் பதினேழு சேலை தேறும். இப்போது 100ஆம் நம்பர் என்று சீட்டு ஒட்டிய கட்டில் இருப்பது உண்மையில் 95ஆம் நம்பர் என்றால்? எடை அதே 4.54 கிலோ. நீளம் 730 கிலோமீட்டர். 38 கிலோமீட்டர் காணோம். கிட்டத்தட்ட ஒரு சேலை. கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ இந்த ஐந்து நம்பர் வித்தியாசத்தைப் பிடிப்பது பழகிய கைக்கும் சுலபமல்ல.

குழப்பத்துக்கு வேறு அளவுகளும் துணை. பட்டுக்காரர்கள் டெனியர் என்பார்கள்: 9,000 மீட்டர் நூலின் கிராம் எடை. சர்வதேச அளவு டெக்ஸ்: 1,000 மீட்டரின் கிராம் எடை. பருத்தி நம்பர் ஏறினால் நூல் மெலியும், டெக்ஸ் ஏறினால் நூல் தடிக்கும். திசையே நேர் எதிர். 590.5ஐ நம்பரால் வகுத்தால் டெக்ஸ் கிடைக்கும். 100ஆம் நம்பர் 5.9 டெக்ஸ், 120ஆம் நம்பர் 4.9 டெக்ஸ்.

அளவு மாற்றத்தில் சறுக்குவது நெசவாளிக்கு மட்டும் நேர்வதல்ல. 1983 ஜூலையில் கனடாவில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரண்டு என்ஜின்களும் அணைந்துபோய், கிம்லி என்ற இடத்தில் பழைய ஓடுதளத்தில் மிதந்து வந்து இறங்கியது. லிட்டரைக் கிலோவாக மாற்ற வேண்டிய இடத்தில் பவுண்டுக்கான எண்ணால் பெருக்கிவிட்டிருந்தார்கள். வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் கிளம்பிவிட்டது. எல்லோரும் பிழைத்தது விமானியின் திறமை.

நூல் விஷயத்தில் இதைவிட நுட்பமான கள்ளன் ஒருவன் உண்டு: தண்ணீர். பஞ்சு என்பது செல்லுலோஸ். அதன் மூலக்கூறு நெடுக ஹைட்ராக்ஸில் தொகுதிகள் கை நீட்டிக்கொண்டிருக்கின்றன. காற்றில் போகும் நீராவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீர் இங்கே பஞ்சோடு சேர்ந்து புதிய சேர்மம் ஆவதில்லை. சேர்மத்தில் விகிதம் மாறாது. இங்கே காற்று ஈரமானால் கூடும், வறண்டால் குறையும். பாலியஸ்டருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது அரை சதவீதம்கூட ஏற்காது.

பருத்தி நூலுக்கு வியாபாரத்தில் வழக்கமாக ஏற்கும் கணக்கு, உலர்ந்த 100 கிராமுக்கு 8.5 கிராம் நீர். ஜூன் மாத மழையில் நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் காற்றில் அது 12ஐத் தாண்டுவது சாதாரணம். 12.5 என்று வைத்துக்கொண்டு 4.54 கிலோ நிறுத்தால், கிடைப்பது 741 கிலோமீட்டர் நூல்தான். மீதி 27 கிலோமீட்டருக்குக் கொடுத்த காசு, வானத்திலிருந்து இலவசமாக விழும் சரக்குக்கு. இதில் யாரும் ஏமாற்றியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மழை நாளில் நிறுத்தால் போதும்.

ஆனால் தண்ணீரை நெசவாளி பகைத்துக்கொள்ளவும் முடியாது. ஈரம் ஏறினால் பருத்தி நூலின் வலு கூடும். பஞ்சுக்கு வாய்த்த அபூர்வ குணம் அது. கால் வைக்கும் குழி தரையோடு இருப்பதால் குழித்தறியைச் சுற்றிக் கொஞ்சம் ஈரம் தங்கும், மெல்லிய இழை அறுவது குறையும். பாவைத் தெருவில் நீட்டி, கஞ்சியும் தேங்காயெண்ணெயும் ஏற்றி, தூரிகையால் நீவி உலர்த்தும்போது மட்டும் வானம் மூடக்கூடாது. தறியில் தோழன், தராசில் கள்ளன், தெருவில் எதிரி.

நம்பர் குறைந்ததா, ஈரம் கூடியதா என்று பிரித்துப் பார்க்கச் சோதனைச் சாலைகளில் நூலை 105 டிகிரி உலையில் காயவைத்து நிறுப்பார்கள். வீட்டில் உலை இல்லை. வெயிலில் காயவைத்தால் ஈரம் முழுதும் போகாது. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. சரியானது என்று தெரிந்த பழைய கட்டிலிருந்து பத்து சிட்டம், புதுக் கட்டிலிருந்து பத்து சிட்டம் எடுத்து, ராட்டின் சுற்றளவையும் சுற்றுகளையும் கணக்கிட்டு இரண்டும் ஒரே நீளம்தான் என்று உறுதி செய்துகொண்டு, ஒரே அறையில் இரண்டு நாள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு நீரை ஏற்றிருக்கும். பிறகு நகைக்கடைத் தராசு போன்ற ஒன்றில் நிறுத்துப் பார்க்கலாம். 453.6ஐ நம்பரால் வகுத்தால் ஒரு சிட்டத்தின் கிராம் எடை. ஆக 100ஆம் நம்பரில் பத்து சிட்டம் 45.4 கிராம். மழைக்காலமானால் பழையதும் புதியதும் சேர்ந்தே இதைத் தாண்டி நிற்கும்; அது தண்ணீர். பழையதைவிடப் புதியது இரண்டு கிராமுக்கு மேல் கனத்தால், அது 95ஆம் நம்பர்.