புடையனைக் காணாத குதிரை

மூதூர் வயல்களில் நெல் வெட்டும் காலத்தில் வைத்தியசாலைக்கு வருவோருள் பாம்பு தீண்டியவரும் இருப்பர். கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மகாவலி கடலோடு கலக்கும் அத்தாழ்நிலம் நெல்லுக்கு உகந்தது; எனவே எலிக்கும் உகந்தது. எலி உள்ள இடத்தைப் புடையன் நன்கறியும். தமிழகத்தார் கண்ணாடி விரியன் என்பது இதனையே. தீண்டப்பட்டவரின் இரத்தத்திற் சிறிதெடுத்துக் கண்ணாடிக் குழாயில் இட்டு 20 நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். உறையாது நீராகவே நின்றால் நஞ்சு ஏறிவிட்டது என்பது தெளிவு, மருந்து ஏற்றப்படும்.

அம்மருந்து குதிரையின் குருதியிலிருந்து பிரித்தெடுத்த பிறபொருளெதிரியாகும். நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவருவது இந்தியாவில் ஆக்கப்படுவது. அதற்கு வேண்டிய நஞ்சிற் பெரும்பகுதியை, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் கொடுத்துவந்திருக்கிறது. அந்நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றுவர். சில வாரங்களில் அதன் குருதியில் மாற்று தோன்றிவிடும்.

புடையனைக் கண்ணாலும் காணாத குதிரைக்கு இக்கலையைக் கற்பித்தவர் யார்?

பிறபொருளெதிரி ஒரு புரதம். புரதம் எப்படி அமையவேண்டும் என்பது பரம்பரை அலகில் எழுதப்பட்டுள்ளது. மனிதரிற் புரதங்களுக்கான அலகுகள் ஏறக்குறைய 20,000 மட்டுமே. பிறபொருளெதிரி வகைகளோ கோடிக்கணக்கானவை. கணக்கு எங்கே இடித்தது என்பதை ஜப்பானியரான சுசுமு தொனகாவா 1976இல் சுவிற்சலாந்தின் பாசல் நகரிலிருந்து விளக்கினார். சுண்டெலிக் கருவில் ஒன்றுக்கொன்று எட்ட நின்ற அலகுத் துண்டுகள், பிறபொருளெதிரி ஆக்கும் கலத்தில் இடம்பெயர்ந்து அருகருகே வந்திருப்பதை அவரும் நொபுமிச்சி ஹொசுமியும் கண்டனர். பரம்பரைச் செல்வம் ஆயுள் முழுதும் மாறாது என்றிருந்த உலகுக்கு இது பேரதிர்ச்சி. 1987இல் தொனகாவாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நடப்பது இதுதான். என்பு மச்சையில் பி கலம் வளரும்போது வீ, டீ, ஜே எனும் மூன்று கூட்டங்களிலிருந்து ஒவ்வொரு துண்டு தேரப்படுகிறது. நொதியம் ஒன்று இடையிலுள்ளதை வெட்டி நீக்க, வேறு சில முனைகளை ஒட்டுகின்றன. மனிதரில் அக்கூட்டங்கள் முறையே ஏறத்தாழ 40, 23, 6 துண்டுகள் கொண்டவை. நம் இல்லத்தரசியர்க்கு இக்கணக்கு எளிது: 40 சேலை, 23 ரவிக்கை, 6 மாலை உள்ள பெட்டியிலிருந்து நாளொரு கோலமாக உடுத்தால் 5,520 நாள், அதாவது பதினைந்து ஆண்டு, கண்ட கோலத்தை மீண்டும் காணவேண்டியதில்லை! இது புரதத்தின் பாரச் சங்கிலிக்கு மட்டும். இலேசான சங்கிலியையும் சேர்த்துப் பெருக்கினால் தொகை 15 இலட்சத்தைத் தாண்டும். ஒட்டுமிடத்தில் எழுத்துக்கள் சில உதிர்ந்தும் புதிதாய்ச் சேர்ந்தும் விடுவதால் அதன்பின் எண்ணிக்கைக்கு எல்லையில்லை என்றே சொல்லலாம்.

நாம் வியப்பது இன்னொன்றை. இக்கலைப்பு நஞ்சு வருமுன்பே முடிந்துவிடுகிறது. நஞ்சு எதையும் கற்பிப்பதில்லை. தற்செயலாய்த் தனக்குப் பொருந்தி நின்ற கலத்தைத் தொட்டு எழுப்புகிறது. அக்கலமே பல்கிப் பெருகுகிறது. மேலும் மேலும் ஊசி போடப்போட இன்னும் இறுகப் பொருந்துவன முன்னுக்கு வருகின்றன. குதிரையும் மனிதரும் துண்டுகளின் தொகையில் வேறுபடலாம், முறை ஒன்றே. வெட்டும் நொதியம் பழுதுற்றுப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்குச் சாதாரணத் தொற்றும் உயிர்க்கேடாய் முடியும்.

மருந்தால் உயிர் தப்பியவர் சிலருக்கு ஓரிரு வாரங்களின் பின் காய்ச்சலும் மூட்டு நோவும் காண்பதுண்டு. குதிரைப் புரதத்தை அந்நியமெனக் கண்டு அவருடைய பி கலங்கள் அதற்கும் எதிரி ஆக்கியதன் விளைவு அது. மருந்து ஏறும்போதே ஒவ்வாமை தோன்றுவதும் நம் நாட்டில் அரிதன்று. சிறிதளவு அதிரீனலின் முற்கூட்டியே கொடுத்தால் அது குறையும் என இலங்கையில் நடந்து 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

ஆயினும் பிறபொருளெதிரி தான் பொருந்திய நஞ்சையே பற்றும். இந்திய மருந்து நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஆக்கப்பட்டது. மூக்கு நுனி மேடிட்ட குழிவிரியனும் நம் நாட்டிற் பலரைத் தீண்டுகிறது. அதன் நஞ்சு அந்தக் குதிரைகளுக்கு ஏற்றப்படவில்லை. ஆதலால் அம்மருந்து அதற்கு உதவாது.