அயல்நாட்டில் ஆபத்து! யாரிடம் முறையிடுவது?

அயல்நாட்டுக்கு வேலைக்குப் போன கணவனிடம் இருந்து மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. போனும் வரவில்லை. ஊரில் இருக்கும் மனைவி யாரிடம் போய்ச் சொல்வாள்?

தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் இந்தக் கவலை உண்டு. இதற்கு உதவத்தான் அந்தந்த நாட்டில் இந்தியத் தூதரகம் இருக்கிறது.

சிறையில் இருந்தால்...

அயல்நாட்டில் கைதானவர் கேட்டுக் கொண்டால், போலீசார் தூதரகத்துக்குத் தாமதம் இன்றித் தகவல் கொடுக்க வேண்டும். தூதரக அதிகாரி சிறைக்குப் போய் அவரைப் பார்க்கலாம். வக்கீலுக்கு ஏற்பாடு செய்யலாம். இது 1963-ம் ஆண்டு வியன்னா நகரில் உருவான ஒப்பந்தம்.

ஆனால் கைதானவர் வாய் திறந்து கேட்க வேண்டும்!

தர்மம் அல்ல

2009-ல் இந்திய அரசாங்கம் ஒரு நலநிதியை ஏற்படுத்தியது. தூதரகத்துக்குப் பாஸ்போர்ட்டு வேலையாக வருகிறவர்களிடம் வாங்கும் சிறு கட்டணம் இதில் சேருகிறது. தவிக்கும் ஏழைகளுக்குத் தங்க இடம், சாப்பாடு, அவசர வைத்தியம், விமான டிக்கெட்டு ஆகியவற்றுக்கு இந்தப் பணம் உதவுகிறது. இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்பவும் உதவுகிறது.

உழைப்பாளிகள் கொடுத்த பணம் அது. கேட்க வெட்கம் வேண்டாம்.

முடியாதது எது?

அந்த நாட்டுக் கோர்ட்டு கொடுத்த தண்டனையைத் தூதரகம் ரத்து செய்ய முடியாது. முதலாளி தராத சம்பளத்தைத் தானே கொடுக்காது. வழக்குப் போட வழி காட்டும்.

தெரிந்தால்தான் உதவி

1990-ல் குவைத்தை ஈராக் பிடித்தது. அங்கே இருந்த இந்தியர்களில் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை விமானங்களில் அரசாங்கம் மீட்டது. அந்த ஆபத்து உலகத்துக்கே தெரிந்திருந்தது.

பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கும் ஒருவர் படும் துன்பம் யாருக்குத் தெரியும்? ஏஜெண்டு பேச்சை நம்பிச் சுற்றுலா விசாவில் போனவர் எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்பதே பதிவில் இராது. அவரைத் தேடுவது கஷ்டம்.

வீட்டில் என்ன வேண்டும்?

பாஸ்போர்ட்டு நகல், விசா நகல், வேலை ஒப்பந்த நகல், முதலாளியின் விலாசம். இந்த நான்கும் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். ஆபத்து என்றால் இவற்றோடு கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம். வெளிநாட்டு இலாகா 2015-ல் தொடங்கிய 'மதத்' என்ற இணையதளத்திலும் புகார் எழுதலாம்.

விமானம் ஏறும் முன்பே கணவரிடம் இந்த நான்கையும் கேட்டு வாங்கி வையுங்கள், தாய்மார்களே!