நாய்க் கருத்தடை முகாம் தோட்டத்துக்குள் வரவேண்டும்

லயத்து வாசலில் பெட்டை நாய் குட்டி போட்டால் கடுவன் குட்டிகளுக்குக் கேட்பார் உண்டு. பெட்டைக் குட்டிகளை யாரும் கேட்பதில்லை. அவை சாக்குப் பையில் ஏறி, நானுஓயா கடைவீதி ஓரத்திலோ கோயிலடியிலோ இறக்கிவிடப்படுகின்றன. பிழைத்துக்கொண்டவை ஓராண்டுக்குள் தாமும் தாயாகின்றன. நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாட்கள்தான். ஆண்டுக்கு இருமுறை ஈனக்கூடும். வீட்டில் வேண்டாம் என்று விட்ட குட்டி, அடுத்த ஆண்டு ஊருக்கே பிரச்சினையாகத் திரும்புகிறது.

இதற்குத் தீர்வு கருத்தடை. அதைப் பொதுப் பணத்தில், தோட்டங்களுக்குள்ளேயே, ஆண்டு தவறாமல் செய்ய வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

'பிடித்துக் கொன்றால் முடிந்தது' என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விசர்நாய்க்கடி நோய்க்கு எதிராக இந்நாட்டில் கட்டளைச் சட்டம் வந்தது 1893இல். அதன்பின் நீண்ட காலம் நாய்களைக் கொன்றே பார்த்தோம். நாய்களும் குறையவில்லை, நோயும் ஒழியவில்லை. 2006இல் அரசு அந்த வழியைக் கைவிட்டது. குப்பைமேடும் ஹோட்டல் எச்சிலும் அப்படியே இருக்கும்வரை, கொன்ற நாயின் இடத்துக்குப் பக்கத்து ஊர் நாய் வந்து சேரும். ஏற்கெனவே தடுப்பூசி ஏற்றிய நாயும் அந்தக் கொலையில் சேர்ந்தே போகும்.

கொழும்பு வேறு வழியைக் காட்டியது. 2007 முதல் அங்கே புளூ போ டிரஸ்ட் அமைப்பு நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் சேர்த்தே செய்தது. நகரில் 2006இல் 43 ஆக இருந்த விசர்நாய் எண்ணிக்கை 2012இல் இரண்டாகக் குறைந்தது. நோய் பரவாமல் தடுக்க ஓரிடத்து நாய்களில் 70 வீதத்துக்காவது தடுப்பூசி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறு மாதத்துக்கொரு முறை புதுக் குட்டிகள் வந்துகொண்டிருந்தால் அந்த 70 எப்படி நிலைக்கும்? தடுப்பூசிக்குச் செலவழிக்கும் பணம் வீணாகாமல் காப்பதே கருத்தடைதான்.

மலையகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. லயங்களைச் சுற்றித் திரியும் நாய் சிறுத்தைக்கு எளிய இரை. நாயைத் தேடிக் குடியிருப்பு வரை வரும் சிறுத்தையால் மனிதருக்கு அச்சம்; காட்டுப் பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியால் சிறுத்தைக்கு ஆபத்து. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சிகிச்சையிலிருக்கும்போதே இறந்ததை மறந்திருக்க மாட்டோம்.

'மனிதருக்கே ஒழுங்கான வீடில்லை, நாய்க்குச் செலவா?' என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். ஆனால் கடிபடுவது யார்? விடியலில் மலைக்கு ஏறும் கொழுந்து பறிப்பவரும், பள்ளிக்கு நடந்துபோகும் பிள்ளையும். அரச ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம் என்றாலும் ஒவ்வொரு ஊசிக்கும் நுவரெலியா போய்வந்தால் பேர் விழாது. அந்த நாட்சம்பளம் போனது போனதுதான். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. தனியாரிடம் ஒரு பெட்டை நாய்க்கு அறுவைச் சிகிச்சை செய்யப் பல நாள் சம்பளம் வேண்டும். வளர்ப்பவரைக் குறை சொல்வதால் பயனில்லை. வசதியைச் செய்து கொடுத்துவிட்டுப் பிறகு பொறுப்பைக் கேட்போம்.

தோட்டம் தனியார் நிலம் என்று கைகழுவப் பிரதேச சபைக்கு இனி இடமில்லை. தோட்டங்களில் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901 முதலே இருக்கிறது. அதிகாரம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் மனம் வேண்டும்.

வேலையும் மலைக்கத்தக்கதல்ல. மலைநாடான பூட்டான் 2009இல் தொடங்கி, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களுக்குக் கருத்தடை செய்து, 2023இல் தெருநாய்கள் அனைத்துக்கும் செய்து முடித்ததாக அறிவித்தது. நமக்கு வேண்டியது ஒரு ஒழுங்கு. சபை பணம் ஒதுக்கட்டும். சுகாதார அமைச்சின் கால்நடைப் பிரிவு மருத்துவர்களை அனுப்பட்டும். பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தின் உதவியையும் கேட்கலாம். தோட்ட நிர்வாகம் மடுவத்தையோ வெறுமையாகக் கிடக்கும் கட்டடத்தையோ தரட்டும். நானுஓயாக் குளிரில் அறுவைச் சிகிச்சை முடிந்த நாயை ஓரிரவாவது ஈரமில்லாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். தலைவர்மார் பெரட்டில் முன்கூட்டியே நாளை அறிவிக்கட்டும். பெட்டை நாய்களுக்கு முதலிடம். செய்து முடித்த நாயின் காதில் அடையாளம், கையோடு தடுப்பூசி. ஒரு தோட்டத்தை முழுதாக முடித்த பின்னரே அடுத்த தோட்டம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்தால் பலன் தெரியாது. ஆண்டுக்கொரு முறை திரும்பி வந்து, விடுபட்டவற்றையும் புதிதாக வந்தவற்றையும் பிடிக்க வேண்டும்.

நுவரெலியா பிரதேச சபை தன் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென்று தனித் தலைப்பும் தனித் தொகையும் வைக்க வேண்டும். லயம் லயமாக ஏறி இறங்கி வாக்குக் கேட்ட உறுப்பினர்கள், அந்தத் தொகை எவ்வளவு, முதல் முகாம் எந்தத் தோட்டத்தில் என்பதை மக்களுக்குச் சொல்லட்டும்.