நான் போட்டுக்கொண்ட நாலு

மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். 52-ல் 27 போக மீதி 35 என்று ஒரு சிறுமி எழுதியிருந்தாள். சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த நோட்டைப் பிரித்தேன். அதிலும் 35. நோட்டுக் கட்டு முடிந்தபோது 28 பேரில் 11 பேர் அதே விடையை எழுதியிருந்தார்கள். பார்த்து எழுதியிருப்பார்களோ என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் உட்காருவது வகுப்பின் வெவ்வேறு மூலைகளில்.

மறுநாள் அந்தச் சிறுமியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எப்படிப் போட்ட, சொல்லு கண்ணு" என்றேன். ஒன்றாம் இடத்தில் விரலை வைத்தாள்.

"ஏழுல ரெண்டு போனா அஞ்சு டீச்சர். அஞ்சுல ரெண்டு போனா மூணு."

"ரெண்டுதானே மேல இருக்கு?"

"நீங்கதான டீச்சர் சொன்னீங்க, பெரிய நம்பர்ல இருந்துதான் சின்ன நம்பரைக் கழிக்கணும்னு."

சொன்னது நான்தான். ஓரிலக்கக் கழித்தல் நடத்தியபோது சொன்னேன். அதை அப்படியே நெஞ்சில் வைத்திருந்து, கடன் வாங்கிக் கழிக்க வேண்டிய இடத்திலும் பிசகாமல் பயன்படுத்தியிருக்கிறாள். அவள் நோட்டில் நான் சுழித்தது என் தவறைத்தான்.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சுயமதிப்பீட்டுப் படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தேன். தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்காக என்.சி.இ.ஆர்.டி. 2013-ல் உருவாக்கிய 'பிண்டிக்ஸ்' படிவம். கற்றல் அனுபவங்களைத் திட்டமிடுவது, பாடப்பொருள் அறிவு, கற்பிக்கும் உத்திகள், பிறருடன் பழகும் விதம், பணித்திறன் வளர்ச்சி, பள்ளி வளர்ச்சி, வருகை என ஏழு தரநிலைகள் அதில் உண்டு. அவற்றின் கீழ் வரும் ஒவ்வொரு குறிகாட்டிக்கும் 1 முதல் 4 வரை நமக்கு நாமே மதிப்பெண் போட வேண்டும். எதிர்பார்க்கும் நிலைக்கும் மேலே இருந்தால் 4. கற்பிக்கும் உத்திகளுக்கு நான் போட்டுக்கொண்டது 4. பொய் சொல்லவில்லை. இத்தனை வருடமாகக் கழித்தல் நடத்துகிறோமே என்ற நம்பிக்கையில் போட்டேன். அன்று நான் விசாரித்தது என் ஞாபகத்தை மட்டும். நம் ஞாபகம் நமக்கு வேண்டியதைத்தான் சொல்லும்.

ஆதாரம் என்றால் எங்களுக்குப் பாடக்குறிப்பு, பணிப்பதிவேடு, சுவரில் ஒட்டிய சார்ட், செயல்பாடு நடக்கும்போது எடுத்த போட்டோ ஆகியவைதான் நினைவுக்கு வரும். ஆண்டாய்வு என்றதும் இவற்றைத்தான் அடுக்கிவைக்கிறோம். நாங்கள் உழைத்தோம் என்பதற்கு இவை சாட்சி. அந்த உழைப்பு பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை அவள் நோட்டுதான் சொல்லும். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24-வது பிரிவில், ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் அறிந்து, தேவைக்கேற்பக் கூடுதலாகக் கற்பிப்பதை ஆசிரியரின் கடமை என்கிறது. ஒரு குழந்தை எங்கே நிற்கிறது என்று அறியாமல் கூடுதலாக எதைக் கற்பிப்பது?

அந்த வாரமே இன்னொன்றும் செய்தேன். மேசை மேல் போனை வைத்து ஒரு பாடவேளை முழுவதையும் ஒலிப்பதிவு செய்தேன். அன்றிரவு கேட்டபோது உடம்பு கூசியது. கேள்வியைக் கேட்டு வாய் மூடுவதற்குள் நானே பதிலை எடுத்துக்கொடுக்கிறேன். திரும்பத் திரும்ப ஒலிப்பது நாலைந்து பெயர்கள்தான். கடைசி வரிசைப் பிள்ளைகள் யார் பெயரும் அதில் இல்லை. அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே இதை எழுதிவிட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினாலே பிள்ளைகள் நீளமாகப் பதில் சொல்கிறார்கள், பேசாத பிள்ளைகளும் பேச வருகிறார்கள் என்று கண்டவர் அவர். பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டுத் தலையாட்டியவள்தான் நானும். என் குரலை நானே கேட்கும்வரை அது என்னைப் பற்றியது என்று உறைக்கவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை ஒலிப்பதிவு செய்கிறேன். நன்றாகப் படிக்கும் ஒருவர், நடுத்தரமான ஒருவர், மெல்லக் கற்கும் ஒருவர் என்று மூன்று பிள்ளைகளின் நோட்டுப் பக்கங்களைத் தேதியோடு படமெடுத்து வைக்கிறேன். பாடக்குறிப்பின் அடியில், அன்று யாருக்கு எங்கே தடுக்கியது என்று இரண்டு வரி எழுதுகிறேன். பத்து நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை.

மதிப்பிட வரும் தலைமையாசிரியர்களிடமும் அலுவலர்களிடமும் ஒரு வேண்டுகோள். தனக்கு 2 போட்டு, காரணத்தையும் எழுதியிருக்கும் ஆசிரியரைக் கூட்டத்தில் நிறுத்தி விளக்கம் கேட்காதீர்கள். ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், அடுத்த முறை அந்த ஒன்றியம் முழுக்க 4 தான் வரும். அந்த 2-ஐக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன உதவி வேணும் டீச்சர்?" என்று கேளுங்கள். குறுவளமையப் பயிற்சியில் எதைப் பேச வேண்டும் என்பதும் அதிலேயே கிடைத்துவிடும்.

வகுப்பில் கழித்தலை முதலிலிருந்து ஆரம்பித்தேன். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக்கட்டு ஐந்து, உதிரிக் குச்சி இரண்டு. இரண்டு குச்சியிலிருந்து ஏழை எப்படி எடுப்பது என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அந்தச் சிறுமிதான் ஒரு கட்டை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, உதிரியோடு சேர்த்துக் கொட்டினாள்.

அடுத்த படிவத்தில் கற்பிக்கும் உத்திகளுக்கு 2 போட்டு, 35 என்று எழுதிய பக்கத்தையும் 25 என்று எழுதிய பக்கத்தையும் சேர்த்து இணைத்திருக்கிறேன். 11 பேரில் இன்னும் மூன்று பேருக்குப் பிடிபடவில்லை. அவர்களுக்காக நாளைக் காலைப் பிரார்த்தனைக்கு முன்பே குச்சிக்கட்டுகளைப் பிரித்து வைக்க வேண்டும்.